அடைக்கலம் கொடுத்த கறுவா இலை

தெல்தோட்டை லயத்தில் குடியிருந்த அடைக்கலம் என்பவருக்குக் காட்டில் இலை பறித்துக் கொடுக்கும் வேலை. பட்டை தரும் கறுவா மரத்தின் காட்டு வகைகளில் எது எதற்குச் சொந்தம் என்று பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சிவகௌரி மிஸ் டி.என்.ஏ. பார்த்துப் பிரிப்பார்.

யுத்த காலம். ஒருநாள் காட்டிலிருந்து திரும்பும்போது ஆமிக்காரன் பஸ்ஸை மறித்தான். பையைக் கண்டு சந்தேகப்பட்டு, அடைக்கலத்தை முழங்காலில் வைத்து அத்தனை இலையையும் மெல்லவைத்தான். பஸ்ஸே பார்த்தது. வெளியே சொல்லக் கூசியவர், லயத்துப் பின்புறம் நின்ற வீட்டுக் கறுவாவை ஒடித்துக் கொடுத்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து மிஸ் கேட்டார்.

"அண்ணை, இது கடைக் கறுவாவோட அச்சொட்டா ஒத்துப்போகுது. காட்டுக்குப் போனனீங்களோ?"

நடந்ததைச் சொன்னால் வேலை போகாது. ஆனால் பக்கத்தில் மாணவர்கள் நின்றார்கள். அடைக்கலம் நிலத்தைப் பார்த்தார்.

"போகலைங்க மிஸ். சோம்பேறித்தனம்."

மறுநாளிலிருந்து வேறொருவர் காட்டுக்குப் போனார்.