கூட்டேரிப்பட்டில் காஜா பாய் ஏற்றுக்கொண்ட பழி

கடந்த செவ்வாய்க்கிழமை காலை பட்டறையில் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தபோது போன் அடித்தது. என் பட்டறைக் கூட்டாளி காஜா பாயின் மகள் பேசினாள். "மாமா, அத்தா மௌத்தாயிட்டாங்க" என்றாள். அப்பா இறந்துவிட்டார் என்பதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. முந்தின நாள் சாயங்காலம்தான் பாய், "நெஞ்சு ஒரு மாதிரியா பேஜார் பண்ணுது ரத்தினம், நாளைக்கு லேட்டா வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வாய்வாக இருக்கும் என்று நான் கேலி செய்து அனுப்பினேன்.

அன்று மாலையே கோட்டக்குப்பத்தில் அடக்கம் நடந்தது. மண் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, முகையூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரம் செய்யும் தணிகாசலம் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "தப்பு பண்ணவன் ஓடி ஒளிவான். இந்த மனுஷன் தன் தப்ப சொல்றதுக்கு என்னைத் தேடிக்கினு ரோட்டுல ஓடியாந்தாருங்க." எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். தணிகாசலம் சொன்னதில் பாதி பொய். அந்தப் பொய்யை இத்தனை நாள் வாழவிட்டவன் நான்.

பாயை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். வளைகுடா நாட்டு லாரிப் பட்டறைகளில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். நான் வல்லம் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த டீசல் மெக்கானிக். இருவருக்கும் ஒரே வயது. திண்டிவனத்தில், விழுப்புரம் போகிற சாலையில், பாதிக்குப் பாதி என்று பட்டறை வைத்தோம். முதல் வாரமே சண்டை வந்தது. கழற்றிய பழைய சாமானை நான் காயலான் கடைக்குப் போட்டுவிட்டேன். அவரோ அதையெல்லாம் துணியில் மூட்டை கட்டி, வண்டிக்காரர் கையில் கொடுத்த பிறகுதான் சாவியையே கொடுப்பார். "மாத்திட்டோம்னு நாம வாயால சொல்லக் கூடாது ரத்தினம். அவுங்க கண்ணால பாக்கணும்" என்றார். வேலையை வளர்க்கிற வேலை என்று முணுமுணுத்தபடி நானும் மூட்டை கட்டப் பழகிக்கொண்டேன். கோபக்காரர்தான், ஆனால் அரை மணி நேரத்தில் என் தூக்குவாளியிலிருந்து கேப்பைக் கூழைத் தானே ஊற்றிக் குடித்துக்கொண்டிருப்பார்.

மூன்று வருடங்களுக்கு முன் தணிகாசலம் தன் பழைய லாரியைக் கொண்டுவந்தார். முன்பக்கம் மூக்கு நீண்ட, அவர் அப்பா காலத்து வண்டி. மகள் கல்யாணத்துச் சீரை அதில்தான் ஏற்றிப் போவேன் என்று பிடிவாதம். முன் சக்கரங்களின் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் வைக்கச் சொன்னார். டிஸ்க்குக்கு அழுத்தம் அதிகம் வேண்டும். அதற்காக, மிதிக்கிற அழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் ஒன்றும் வைத்தோம். துருப்பிடித்த பழைய பிரேக் பைப்புகள் அந்த அழுத்தத்தைத் தாங்காது என்பதால் ஐந்து பைப்பையும் மாற்றுவது என்று முடிவு செய்தோம். டிஸ்க் வேலை பாயுடையது, பைப் வேலை என்னுடையது.

நாலு பைப்பை மாற்றினேன். ஐந்தாவது, பின்பக்கம் போகிற நீளமான பைப், டீசல் டேங்குக்குப் பின்னால் ஓடுகிறது. அதைக் கழற்ற டேங்கை இறக்க வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை. பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார். தணிகாசலமோ குடும்பத்தோடு வந்து நின்று, "ஜல்தி பண்ணுங்க" என்று பறந்தார். கண்ணுக்குத் தெரிந்தவரை பைப் நன்றாகத்தான் இருந்தது. துடைத்துக் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். பிரேக் ஆயில் ஊற்றி, பைப்பிலிருந்த காற்றை வெளியேற்றி, பெடலை மிதித்துப் பார்த்தேன். ஒரு சொட்டும் கசியவில்லை. ஆனால் எஞ்சினை ஓடவிடாமல் மிதித்தேன். எஞ்சின் ஓடினால்தான் பூஸ்டர் பிடிக்கும், முழு அழுத்தமும் பைப்பில் ஏறும். இது எனக்குத் தெரியாததல்ல. சாவியைக் கொடுத்தேன். மூட்டையைக் கொடுக்கவில்லை.

தொழுகை முடிந்து வந்தவர் கண்ணில் முதலில் பட்டது மேசைக்கடியில் கிடந்த மூட்டைதான். பிரித்தார். எண்ணினார்.

"நாலுதான் கீது. பெரிய பைப்பு எங்க?"

நான் மூலையில் சாய்த்து வைத்திருந்த புதுப் பைப்பைக் காட்டினேன். அவர் முகம் வெளிறியது. "வண்டில எத்தினி பேரு?"

"ஒம்போது பேரு. பின்னால பாத்திரத்தோட உக்காந்துக்கினு போறாங்க."

அந்தப் பழைய லாரியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழிதான். ஒரு பைப் வெடித்தால் மொத்தப் பிரேக்கும் போய்விடும். தணிகாசலத்துக்குப் போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பைக்கை எடுத்தேன். பாய் வெள்ளை ஜிப்பாவோடு, புதுப் பைப்பையும் சாமான் பையையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினார். முன்னால் போகிற ஒவ்வொரு லாரியும் அதுவாகவே தெரிந்தது. ஓரிடத்தில் சாலை ஓரமாகக் கூட்டம் கூடியிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. கிட்டே போனால் இளநீர்க் கடை.

விழுப்புரம் சாலையிலேயே, கூட்டேரிப்பட்டில் லாரியைப் பிடித்தோம். டீ குடிக்க நிறுத்தியிருந்தவர்கள் மறுபடி ஏறிக்கொண்டிருந்தார்கள். பாய் ஓடிப்போய் எல்லோரையும் இறங்கச் சொன்னார். எஞ்சினை ஓடவிட்டு என்னைப் பெடலை மிதிக்கச் சொன்னார். அந்த ஜிப்பாவோடு லாரிக்கு அடியில் படுத்தார். முதல் மிதி தாங்கியது. இரண்டாவதும் தாங்கியது. மூன்றாவதில் பெடல் என் காலடியில் பலகைவரை இறங்கிப் போனது. டேங்குக்குப் பின்னால் கிளிப் போட்ட இடத்தில் பைப் வெடித்திருந்தது. பாய் வெளியே வந்தபோது நெஞ்செல்லாம் ஆயில்.

தணிகாசலம் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். "எங்கூட்டு ஜனமே உள்ள இருந்துதுய்யா! என்னாய்யா வேல பாத்த?" லாரியில் வந்திருந்த மணப்பெண் அழுதாள். ஜனங்கள் கூடிவிட்டார்கள். பாய் கையைக்கூடத் தூக்கவில்லை. "தப்பு நம்மளுதுங்க. நான் பாத்து அனுப்பியிருக்கணும்" என்றார். நான் இரண்டடி தூரத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

அங்கேயே டேங்கை இறக்கிப் புதுப் பைப் போட்டோம். வேலை முடிகிற நேரத்தில் மெதுவாகக் கேட்டேன். "நான்தான் பண்ணேன்னு சொல்லியிருக்கலாமே பாய்?"

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீயே சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. அதுவே எனக்கு வசதியாகிப் போனது.

நேற்று முகையூருக்குப் போனேன். தணிகாசலத்திடம், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் போனேன். அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார்.

"இந்தக் கையாலதான அவரு சட்டையப் புடிச்சேன்" என்றார். "மூணு வருஷமா உயிரோட இருந்தாரு. அப்பவே சொல்லியிருந்தீன்னா, காலுல விழுந்திருப்பேனே. இனிமே நான் எங்க போய் மன்னிப்பு கேப்பேன், ரத்தினம்?"



பாய், நீங்கள் காத்திருந்த சொல்லை, நீங்கள் கேட்க முடியாத நாளில் சொல்லியிருக்கிறேன். என்னை மன்னிப்பதும் மன்னிக்காததும் உங்கள் இஷ்டம். அந்த மனிதரை மட்டும் மன்னித்துவிடுங்கள். போய் வாருங்கள்.