பலகையை அழித்தவருக்கும் ஒரு பிரதி

அக்காவின் முதலாம் ஆண்டுத் திதிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் அனைவருக்கும் தம்பியின் வணக்கம். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். லாரி, கப்பல் பட்டறை, மீன்படகு என்று அலைந்தவன். எழுத்தில் பிழை இருக்கலாம், பொய் இருக்காது.

அக்கா மலேசியாவில், பெக்கோக் ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அப்பா இறந்ததும் பால்மரம் சீவி எங்களுக்குச் சோறு போட்டார். பிறகு தென் ஜெர்மனியில், மலையடிவாரத்து முதியோர் இல்லம் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை செய்தார். கிழவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டே அவர்கள் பேச்சைக் கற்றார். புத்தக ஜெர்மனையும் படித்துத் தேர்வில் தேறினார்.

ஊர் திரும்பி மாசாயில் குடியேறியவர், ஜொகூர் பாருவில் ஒரு மொழி மையத்தில் ஆசிரியையானார். முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு ஜெர்மனி போகும் பெண்கள் அங்கே படித்தார்கள். அக்கா பலகையின் நடுவே ஒரு கோடு போடுவார். இடப்பக்கம் புத்தக ஜெர்மன், வலப்பக்கம் மலைப்பக்கத்துப் பேச்சு.

“பரீட்சைக்கு இந்தப் பக்கம். அங்க தாத்தா பாட்டி பேசுறது அந்தப் பக்கம். ரெண்டும் வேணும்லா.”

ஒருநாள் இயக்குநர் உள்ளே வந்தார். எங்கள் தோட்டத்திலேயே பிறந்து பட்டம் வாங்கியவர். வலப்பக்கத்தை முழுக்க அழித்தார்.

“அலமாக், என்னாக்கா இது, பட்டிக்காட்டுக் கம்பத்து ஜெர்மன்? யாரும் இத எழுதாதீங்க. இவங்க முறையா படிச்சவங்க இல்ல.”

பிள்ளைகள் சிரித்தார்கள். அக்கா சொன்னார்: “அப்ப வீட்டுக்குப் போயி உங்கம்மா பேசுற தமிழையும் அழிச்சிட்டு வாங்க தம்பி.”

அத்தோடு வேலை போனது.

சில மாதங்களில், சிரித்தவர்களில் ஒருத்தி ஜெர்மனியிலிருந்து அழைத்தாள். “டீச்சர், தாத்தா கத்துறாரு. ஒன்னுமே வெளங்கல.”

“போன அவருகிட்ட குடும்மா.”

அக்கா பேசினார். கிழவர் அடங்கினார். “அவருக்குக் குளிருதாம். ஜன்னல சாத்து.”

அதன்பின் எல்லாரும் அழைத்தார்கள். சிறுநீரகம் கெட்டு, ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு படுத்திருந்தபோதும் அக்கா பதில் சொன்னார். அவர்கள் கேட்டதையெல்லாம் பதிலோடு ஒரு நோட்டில் எழுதினார். கடைசி வாரம் எழுத்து கோணலானது, நிறுத்தவில்லை.

அக்கா இறந்த எட்டாம் நாள் படையலுக்கு இயக்குநர் வந்தார். “அண்ணே, அக்கா நோட்டு இருக்காமே? குடுத்தீங்கன்னா நம்ம சென்டர்ல பாடமா போட்டுடலாம்.”

அக்காவாக இருந்தால் கொடுத்திருப்பார். நான் அக்கா இல்லை. “சாப்பிட்டுட்டுப் போங்க,” என்றேன்.

அக்காவை மருத்துவமனைக்கு ஏற்றிப்போன பக்கத்து வீட்டாருக்கும், தாதியருக்கும், ஜெர்மனியிலிருந்து தொலைபேசியில் அழுத பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நோட்டு முழுவதையும் இம்மலரின் பின்பகுதியில் அச்சிட்டிருக்கிறோம். யாரும் இலவசமாகப் படிக்கலாம். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் ‘ஆசிரியை’ என்று போடச் சொன்னேன்.

இயக்குநருக்கும் ஒரு பிரதி உண்டு. அதை அவருடைய அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். அந்த அம்மாள் எதையும் முழுக்கப் படிக்காமல் கைமாற்ற மாட்டார்.