சிவப்பு மை படாத கொப்பி

திருகோணமலைப் பட்டினத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றுக்கு நான் கணித ஆசிரியையாகப் போனபோது எனக்கு இருபத்துமூன்று வயது. அங்கே ஏழாம் வகுப்பு இரண்டு பிரிவாக இருந்தது. ‘ஏ’ பிரிவுப் பிள்ளைகள் மேல் வகுப்புகளில் அட்சரகணிதமும் விஞ்ஞானமும் படிப்பார்கள். ‘பி’ பிரிவுக்கு எண்கணிதமும் மனையியலும் தையலும். புள்ளிகளை வைத்துத்தான் பிரிக்கிறோம் என்று எல்லோரும் சொன்னோம். ஆனால் டிசம்பரில் பட்டியல் எழுத உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தி. புள்ளிகள் அருகருகே வந்த இடங்களில் மாணவர் பதிவு இடாப்பைத் திருப்பித் தகப்பனின் தொழிலைப் பார்ப்போம். துறைமுகக் கந்தோர், நீதிமன்றம் என்றிருந்தால், வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது என்று ‘ஏ’. மீன்பிடி, கூலி என்றிருந்தால் ‘பி’. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. பிள்ளைகளின் நன்மைக்குத்தான் என்று நம்பினோம்.

அடுத்த வருடம் இரண்டு பிரிவுகளுக்கும் நானே கணிதம். இரண்டாம் தவணையில் ஒருநாள், இடைவேளை முடிகிற நேரம், ஒரு பெண் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். ‘பி’ பிரிவுப் பிள்ளை ஒருத்தியின் தாய். அன்புவழிபுரத்தில் வீடு. கணவருக்குச் சீனன்குடாவில் எண்ணெய் சேமிக்கும் குதங்களில் கூலி வேலை. இவர் விடியற்காலையில் இடியப்பம் அவித்து நாலைந்து வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர். அந்த வீடுகளில் ஒன்று ஒரு கிளாக்கருடையது. கிளாக்கரின் மகள் என்னிடம் ‘ஏ’ பிரிவில் படித்தாள். அவளுடைய கணக்குக் கொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். தன் மகளின் கொப்பியையும் அதையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார்.

“டீச்சர், எனக்கு எழுத்துத் தெரியாது. நிறம் தெரியும். அந்தப் பிள்ளையின்ர கொப்பியில பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை கிடக்கு. என்ர பிள்ளையின்ர கொப்பியில தை மாசத்துக்குப் பிறகு ஒண்டும் இல்லை. அவ கணக்குச் செய்யிறதை விட்டிட்டாவோ, நீங்கள் பாக்கிறதை விட்டிட்டியளோ?”

மற்ற ஆசிரியைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ‘ஏ’ பிரிவின் பாடம் வேறு, அவர்களுக்கு வேலை அதிகம், அதனால் திருத்தமும் அதிகம் என்று ஏதோ சொன்னேன்.

“பாடம் வேறையா இருக்கட்டும் டீச்சர். பிழை எண்டால் பிழைதானே. ஒருத்தரும் காட்டாட்டி அவவுக்கு எப்பிடித் தெரியும்?”

குரலை உயர்த்தவில்லை. கிளாக்கர் வீட்டுக் கொப்பியைப் பின்னேரத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மகளின் கொப்பி என் மேசையிலேயே கிடந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். தசமக் கணக்கில் வகுக்கும்போது அந்தப் பிள்ளை புள்ளியை ஓரிடம் தள்ளி வைத்திருந்தாள். செய்கை முழுக்கச் சரி. மாதக்கணக்காக, பக்கம் பக்கமாக, அதே ஒரு பிழை. இரண்டு நிமிடம் பக்கத்தில் நின்றிருந்தால் தீர்ந்திருக்கும். அடுத்த நாள் ‘பி’ பிரிவின் முப்பத்தெட்டுக் கொப்பிகளையும் சேர்த்துக் கட்டி எடுத்துப் போனேன். திருத்தி முடிக்க ஒரு வாரம் சென்றது. கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்தபோது பிள்ளைகள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி மெல்ல எழும்பி, ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வரப்போகிறாரா என்று கேட்டாள்.

சில கிழமைகளில் பிள்ளைகள் மாறினார்கள். ஓரக்கோடு போட்டு எழுதினார்கள். இது ஏன் பிழை என்று மேசைக்கு வந்து கேட்டார்கள். ‘பி’ பிரிவு கேள்வி கேட்காது என்று அதுவரை நான் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

தவணைப் பரீட்சைக்கு இரண்டு பிரிவுக்கும் ஒரே எண்கணித வினாத்தாள் கொடுக்க விரும்பினேன். பகுதித் தலைவியான மூத்த ஆசிரியை தடுத்தார். “அதுகளுக்கு ஏலாது பிள்ளை. வீணா மனம் உடைஞ்சு போங்கள்” என்றார். அந்தப் பிள்ளைகளுக்குத் தன் கைக்காசில் சப்பாத்து வாங்கிக் கொடுத்தவர் அவர். அவருடைய இரக்கமும் உண்மை, அந்த இரக்கமே பிள்ளைகளைத் தடுத்ததும் உண்மை. அது எனக்கு அன்றுதான் விளங்கியது. அதிபரிடம் போய் அனுமதி வாங்கினேன்.

அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. ‘பி’ பிரிவில் பாதிப்பேர் சித்தியடையவில்லை. ஆனால் ஐந்து பேரின் புள்ளிகள் ‘ஏ’ பிரிவின் மேல்பாதியில் நின்றன. இடியப்பக்காரரின் மகள் அந்த ஐவரில் மூன்றாவது. அதிபர் விடைத்தாள்களை நெடுநேரம் பார்த்துவிட்டு முதல் மூன்று பேரை ‘ஏ’ பிரிவுக்கு மாற்றினார். அதற்குமேல் அங்கே உட்கார வாங்கு இல்லை என்றார். மற்ற இருவரிடமும் அதைச் சொன்னவள் நான். அவர்கள் தலையாட்டிவிட்டுத் தங்கள் இடத்துக்குத் திரும்பினார்கள்.

அந்தத் தாய் ஒவ்வொரு தவணையும் வந்தார். கதிரையைக் காட்டினாலும் இருக்கமாட்டார். நின்றபடியே பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பார். பிறகு தன் ஒழுங்கையில் பக்கத்து வீடுகளில் இருந்த பெண்கள் மூன்று பேரைக் கூட்டி வந்து, எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கும் காட்டிக் கொடுத்தார். அவர் வரும் கிழமையில் நான் கூடுதல் கவனமாக இருப்பேன். எத்தனையோ கல்வி அதிகாரிகள் என் வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்து பார்த்துப் போயிருக்கிறார்கள். அவரைப் போல ஒருவரும் என்னை வேலை செய்ய வைக்கவில்லை.

சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தபோது மகளோடு வந்தார். கணிதத்துக்கு நேரே இருந்த எழுத்தில் விரலை வைத்து அது என்ன என்று கேட்டார். திறமைச் சித்தி என்றேன்.

“அதுக்கு மேல ஏதும் இருக்கோ?”

“ஓம். அதிவிசேட சித்தி எண்டு ஒண்டு இருக்கு.”

“அப்ப அதைச் சின்னவ எடுக்கட்டும்” என்றார். மூத்தவள் சிரித்தாள். அவள் பிறகு ஆசிரிய கலாசாலைக்குப் போனாள்.

சின்னவள் அடுத்த தை மாதம் ஏழாம் வகுப்புக்கு வந்தாள். அந்த வருடப் பட்டியலை எழுதும்போது நான் பிரசவ விடுமுறையில் இருந்தேன். அவளை ‘பி’ பிரிவில் போட்டிருந்தார்கள். தவணை தொடங்கிய முதற் கிழமையே தாய் மறுபடி என் மேசை முன் வந்து நின்றார்.