ஏரிக்கரையில் தொங்கிய டோக்கன்

தங்கச் சுரங்கம் மூடிப்போன எங்கள் ஊரில், ஸ்கெலட்டன் குடியிருப்பில் வினோலியாவைத் தெரியாதவர் கிடையாது. தெரியும் என்பதோடு சரி. விடியுமுன் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூர் ரயிலைப் பிடிப்பாள், இருட்டிய பிறகு வந்து திறப்பாள். முப்பத்தெட்டு வயசு, ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. அப்பா எப்போதோ போய்விட்டார், அம்மா போன வருஷம். தம்பி துபாயில், கிறிஸ்துமஸுக்கு ஒரு வீடியோ கால். சர்ச் வாசலில் எல்லோரும் "நல்லாருக்கியாம்மா?" என்று கேட்பார்கள், பதிலுக்கு நிற்கமாட்டார்கள். எங்கள் ஊர் கல்நெஞ்சு ஊரெல்லாம் இல்லை. ஆறு நாள் ரயிலில் நசுங்கியவர்களுக்கு ஏழாம் நாள் துணி துவைக்கணும், அவ்வளவுதான்.

ஆபீஸில் பக்கத்து சீட்டு ஸ்வப்னாதான் அந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தாள். ஜியோகேச்சிங் என்று பேர். காட்டிலோ மேட்டிலோ ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, அந்த இடத்தை போனில் ஒரு ஆப்பில் போட்டுவிட வேண்டும். முன்பின் தெரியாத யாரோ போனைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்து, தேடி எடுத்து, உள்ளே இருக்கும் தாளில் பேரை எழுதிவிட்டு, திரும்ப அங்கேயே வைத்துவிட்டுப் போவார்கள். வேலைவெட்டி இல்லாதவர்கள் ஆட்டம் என்றுதான் எனக்குத் தோன்றியது. வினோலியாவுக்கு அப்படித் தோன்றவில்லை. தான் வைத்த ஒன்றைத் தேடி ஒரே ஒரு ஆள் வந்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

பேத்தமங்கலம் ஏரிக்குத் தைலமரக் காட்டு வழியாக ஒரு பாதை போகிறது. ஏற்றமும் இல்லை, முள்ளும் இல்லை, செருப்போடு பேசிக்கொண்டே நடந்துவிடலாம், பேச ஆள் இருந்தால். பாதை முடிகிற இடத்தில், தண்ணீர்மேல் சாய்ந்த ஒரு மரத்தின் வேர்ப்பொந்தில், டிபன் டப்பாவை வைத்து மேலே கல்லடுக்கிவிட்டு வந்தாள். மழைக்காலம் போய்ப் பனிக்காலமும் போனது. ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து அங்கே போய்த் திறந்து பார்ப்பாள். தாள் வெள்ளையாகவே இருக்கும். இதற்குள் ஸ்வப்னாவும் மாற்றலாகி புனேவுக்குப் போய்விட்டாள்.

இடம் கண்ணில் படவில்லை போலிருக்கிறது, ஒரு அடையாளம் வைப்போம் என்று நினைத்தாள். அப்பாவின் பழைய சுரங்க டோக்கன், நம்பர் அடித்த பித்தளை வில்லை, பீரோவில் சும்மா கிடந்தது. அதைக் கம்பியில் கோத்து அந்த மரக்கிளையில் தொங்கவிட்டாள். "டோக்கனுக்கு நேர் கீழே பாருங்கள்" என்று ஆப்பிலும் போட்டாள். வேறு எந்த ஊராக இருந்தாலும் நல்ல யோசனைதான்.

சுரங்கத்தில் இறங்குகிறவர் தன் டோக்கனை ஷாஃப்ட் என்கிற இறங்குகுழியின் வாசல் பலகையில் மாட்டிவிட்டு இறங்குவார், ஏறி வந்ததும் கழற்றிக்கொள்வார். ஷிஃப்ட் முடிந்தும் டோக்கன் தொங்குகிறது என்றால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார். மைன் மூடும்போது வினோலியா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவளுக்கு அது அப்பாவின் சாமான், அவ்வளவே.

அடுத்த ஞாயிறு காலை நந்திதுர்க் பெருமாள் தூண்டிலோடு அந்தப் பக்கம் வந்தார். நந்திதுர்க் மைனில் வேலை செய்து ஓய்ந்த மனுஷர். கிளையில் டோக்கன், கீழே தண்ணீர், சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு ஊருக்கெல்லாம் போன் அடித்தார்.

சர்ச்சிலிருந்து நேராக வந்த வினோலியா தூரத்திலேயே பார்த்தாள். தன் மரத்தடியில் கூட்டம்! ஒருத்தர் வரமாட்டாரா என்று கிடந்தவளுக்கு ஐம்பது பேர். சந்தோஷத்தில் ஓடினாள். கிட்டே போனதும்தான், இரண்டு பேர் தண்ணீரில் முங்கி முங்கித் தேடுவது தெரிந்தது.

பக்கத்து வீட்டு மமதா அழுத கண்ணோடு நின்றிருந்தாள்.

"இன்னாக்கா ஆச்சு?"

"யாரோ எறங்கிட்டாங்கடி. டோக்கன் தொங்குது பாரு. நம்பர் மட்டும்தான் கீது, யாரோடதுன்னு தெரில. நம்ம லைன்ல ஒரு வூடு வுடாம கேட்டுட்டேன். எல்லா வூட்லயும் ஆளுங்க கீறாங்க."

"எங்க வூட்டுலக்கா?"

"உங்க வூடா? அது எப்பவும் போல பூட்டிகினு இருந்துச்சு. வுட்டுட்டேன்."

சாதாரணமாகத்தான் சொன்னாள் மமதா, கண் தண்ணீரிலேயே இருந்தது. முன்பின் தெரியாத ஒருவருக்காக அவள் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் வினோலியாவும் எல்லோரோடும் நின்று தண்ணீரைப் பார்த்தாள்.

முங்கினவர்களில் ஒருவர் இருமிக்கொண்டே மேலே வந்தபோதுதான் அவளுக்கு வாய் வந்தது. "வேணாங்க, ஏறிடுங்க. யாரும் எறங்கல. அது எங்க அப்பாவோடது. நான்தான் மாட்டினேன்."

திட்டு சரமாரியாக விழுந்தது. விளையாட்டு என்று விளக்கப் பார்த்தாள், இன்னும் இரண்டு மடங்கு விழுந்தது. பிறகு ஒவ்வொருவராக வண்டியைக் கிளப்பினார்கள். டப்பா அவர்கள் காலடியில்தான் இருந்தது. ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

பெருமாள் மட்டும் போகவில்லை. டோக்கனைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்து, விரலை மூடிவிட்டார்.

"போ தாயி. வூட்டுக்கு ஒரு போன் போட்டு சொல்லிடு, இந்நேரம் சேதி போயிருக்கும், பதறிட்டு இருப்பாங்க. வூட்ல யாரு கீறாங்க?"

"நான்தான் கீறேன் பெரிப்பா" என்றாள் வினோலியா.