கண்ணாடியில் போட்ட கணக்கு

ஊட்டியில் ஜூலை மாதத்து சாக்பீஸ் வாசம் தெரியுமா உங்களுக்கு? ஈரச் சுவரும் நமத்துப்போன சுண்ணாம்பும் கலந்த ஒரு வாசம்... எங்கள் காலேஜ் கரும்பலகை அந்த மாதம் முழுக்க வேர்த்துக்கொண்டே இருக்கும். எழுதினால் சாக்பீஸ் வழுக்கும்.

பேப்பர் வாங்கவும் கட்டுபடியாகாது. அதனால் நானும் ஸ்டெல்லாவும் ஜன்னல் கண்ணாடியில்தான் கணக்குப் போடுவோம். பி.எஸ்ஸி. மேத்ஸ், கடைசி வருஷம். கோயமுத்தூரில் நடக்கும் கணிதப் போட்டிக்கு எங்கள் இருவரையும் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வாயால் ஊதினால் கண்ணாடி வெளுக்கும், விரலால் எழுத வேண்டியதுதான். இரண்டாவது வரிக்குப் போவதற்குள் முதல் வரி தண்ணீராக வழிந்துவிடும்.

ஸ்டெல்லா அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஸ்டெப் எல்லாம் மனசில், கடைசி வரி மட்டும் கண்ணாடியில்.

"நடுவுல இருக்கறத எதுக்குப் புள்ள எழுதோணும்? அதான் வழிஞ்சு போயிருதே..."

சேரம்பாடி எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள் அவள். டீ ஃபேக்டரியில் வேலை பார்த்த அவளுடைய அப்பா தீர்மானமாகச் சொல்லியிருந்தார்.

"ஜெயிச்சா மெட்ராஸ்ல எம்.எஸ்ஸி. படி சாமி. இல்லீன்னா மாமன் பையனுக்குப் பேசி முடிச்சுருவேன்."

எனக்கு அது ஒரு போட்டி. அவளுக்கு அதுதான் எல்லாம்.

போட்டியன்று நான் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா சீக்கிரமே முடித்துவிட்டு, சிரித்த முகமாக வெளியே காத்திருந்தாள்.

"அத்தனையும் வந்துருச்சு புள்ள!"

ரிசல்ட்டில் அவள் பெயர் இல்லை.

விசாரித்துவிட்டு வந்த எங்கள் லெக்சரர் மேடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "விடையெல்லாம் சரிதானாம். ஆனா ஒரு ஸ்டெப்கூட எழுதலையே ஸ்டெல்லா... பக்கத்துல இருந்த புள்ளையப் பார்த்து நீ எழுதிட்டதா நெனச்சுட்டாங்கம்மா."

பக்கத்தில் இருந்தது நான். என் பேப்பரில் பார்த்து எழுத என்ன இருந்தது?

ஈஸ்டர் முடிந்ததும் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நடந்தது.

இன்று நான் குன்னூரில் ட்யூஷன் எடுக்கிறேன். வெள்ளை போர்டு, கலர் கலராக மார்க்கர். பிள்ளைகள் ஒவ்வொரு ஸ்டெப்பையும் செல்போனில் படம் பிடித்துக்கொள்கிறார்கள். எதுவும் வழிந்து போவதில்லை. ஸ்டெல்லா மாதிரி ஒருத்திதான் இதுவரை வரவில்லை.

போன வாரம் கூடலூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். பிள்ளைகள், முட்டிவலி என்று ஏதேதோ பேசினோம். பஸ் ஏறப் போனவள் திரும்பி வந்து கேட்டாள்.

"அன்னைக்கு... விடையெல்லாம் சரின்னுதானே சொன்னாங்க புள்ள?"

"எல்லாமே சரிதான் ஸ்டெல்லா."

நல்ல மழை. பஸ் ஜன்னல் கண்ணாடி வெளுத்துக் கிடந்தது. உட்கார்ந்ததும் விரலைக் கொண்டுபோவாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்...

முந்தானையால் துடைத்துவிட்டு எனக்குக் கையசைத்தாள்.