நீலக் கதவும் ஒரு குப்பி பெட்ரோலும்

மூக்கருக்கு அன்று மூக்கு அடைத்திருந்தது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், அன்றைய வினைக்கெல்லாம் அதுதான் காரணம்.

அந்தச் சின்ன விமான கிளப்பில் இருபத்தாறு வருடமாக மெக்கானிக்காக இருக்கும் மனுஷருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது யாருக்கும் ஞாபகமில்லை. எந்த விமானம் கிளம்பினாலும் முதலில் டேங்குக்கு அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பி பெட்ரோல் பிடிப்பார். விமான பெட்ரோலுக்கு நீலச் சாயம் போட்டிருப்பார்கள். தண்ணீர் கலந்திருந்தால் அது நிறமில்லாமல் அடியில் தங்கி, நடுவே ஒரு கோடு தெரியும். மற்றவர்களுக்குக் கோடு இல்லையென்றால் போதும். இவர் மட்டும் புறங்கையில் ஒரு சொட்டு விட்டு மோந்தும் பார்ப்பார். அதனால்தான் மூக்கர்.

காலையில் அவர் தும்மிய தும்மலில் மாடியிலிருந்து மகள் இறங்கி வந்துவிட்டாள்.

"அப்பா, கண்ணெல்லாம் செவந்து கிடக்கு. இன்னைக்கு ஒருநாள் லீவு போடுங்களேன்."

"நான் போகலன்னா உன் புருஷன் எப்படிப் பறப்பார்? போம்மா, போய் வேலையைப் பாரு."

அந்தப் புருஷன்தான் கிளப்பின் பைலட். அடுத்த வாரம் பெரிய கம்பெனியில் அவருக்கு நேர்முகத் தேர்வு. பதிவேட்டில் ஒரு கரும்புள்ளி விழுந்தாலும் அந்த வேலை கை நழுவிவிடும். வீடு முழுக்க அதே பேச்சாகத்தான் இருந்தது.

முதல் நாள் பிடித்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. மூக்கர் குப்பியைப் பிடித்து, வழக்கம்போல் விமானக் கொட்டகைக் கதவுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். போன வாரம்தான் அந்தக் கதவுக்குப் புதுசாக நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். குப்பி முழுக்க நீலம், கோடே இல்லை. புறங்கையில் விட்டு மோந்தார். ஒன்றும் ஏறவில்லை. எப்படி ஏறும்? 'மூக்கு வேலை செய்யவில்லை, நீங்களும் ஒருதரம் பாருங்கள்' என்று சொல்ல வாயெடுத்தார். மூக்கருக்கா மூக்கு இல்லை என்று நாளைக்கு நாலு பேர் கேலி பேசுவார்களே! வாயை மூடிக்கொண்டார்.

"என்ன மாமா, கிளம்பலாமா?"

"தாராளமா கிளம்புங்க மாப்பிள்ளை."

பைலட்டும் பார்க்க வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் மாமா பார்த்ததை மாப்பிள்ளை மறுபடி பார்த்தால் அது மரியாதைக் குறைவு என்று அந்தப் பிள்ளை எப்போதோ முடிவு கட்டியிருந்தது.

பத்தே நிமிஷத்தில் ஆபீஸ் ரேடியோ கரகரத்தது. "என்ஜின் நின்னுடுச்சு. எதிர்ல ஒரு வயல் தெரியுது. இறக்கப் போறேன்." அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

மூக்கர் நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், வாசலுக்குப் போனார், திரும்பி வந்து ரேடியோவைத் தட்டினார். கிளப் செயலாளர் ஜீப்பை எடுத்ததும் குப்பியைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு ஓடிப்போய் ஏறினார். மகளிடமிருந்து நாலு தரம் போன் வந்தது. அவர் எடுக்கவில்லை. எடுத்து என்னத்தைச் சொல்ல?

"கொஞ்சம் வேகமாப் போங்க சார்."

"இதுக்கு மேல போனா நாமளும் வயல்லதான் இறங்கணும்," என்றார் செயலாளர்.

விமானம் முன்சக்கரம் மடங்கி, அறுத்த நெல்தாள் நிறைந்த வயலில் மூக்கைக் குத்திக்கொண்டு கிடந்தது. மாப்பிள்ளை பக்கத்து வரப்பில் உட்கார்ந்திருந்தார், முழுசாக. நெற்றியில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். மூக்கர் அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருதரம் பார்த்தார். பிறகு நேராக இறக்கைக்கு அடியில் போய்க் குந்தினார். டேங்கிலிருந்து குப்பியை நிறைத்து வானத்துக்கு நேராகத் தூக்கினார். மழை விட்டுத் தெளிந்த வானம். குப்பி அதே நீலம்.

செயலாளர் படிவத்தை விரித்தார். "காரணம்னு ஒண்ணு எழுதணுமே. பெட்ரோலை யார் பார்த்தது?"

மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாப்பிள்ளை சொன்னார்: "என் பேரையே போடுங்க சார். நான் பார்க்காம கிளம்பிட்டேன்."

அடப்பாவி மனுஷா, அடுத்த வாரம் உனக்கு என்ன இருக்கிறது என்று மறந்துவிட்டதா! மூக்கர் சும்மா இருந்தால், விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் அவர் உரிமை பிழைக்கும். அவரைக் கேட்டுத்தான் கிளப்பே நடக்கிறது, அந்த மரியாதையும் அப்படியே இருக்கும். எழுந்து வந்து குப்பியை மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டைக்கு முன்னால் பிடித்தார்.

நீலம் போய்விட்டது. குடிக்கிற தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது.

"பாத்தீங்களா சார்? கலப்பே இல்ல, குப்பியில அத்தனையும் தண்ணி. மழைத் தண்ணி டேங்குக்குள்ள இறங்கி அடியில தங்கியிருக்கு. பாதி தண்ணி, பாதி பெட்ரோல்னா கோடு விழும். முழுக்கத் தண்ணின்னா கோடு எங்கேந்து வரும்? காலைல நீலக் கதவுக்கு நேராப் பிடிச்சேன். மோந்தும் பார்த்தேன், வாசனையே தெரியல. சளி. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு நான்தான் அனுப்பினேன். என் பேரை எழுதுங்க."

"மாமா..."

"நீங்க பேசாதீங்க மாப்பிள்ளை. நின்ன என்ஜினை வச்சுக்கிட்டு இவ்வளவு அழகா இறக்கியிருக்கீங்க. அதையும் எழுதுங்க சார்."

"கையெழுத்து உரிமை போயிடும்யா," என்றார் செயலாளர்.

"போகட்டும்."

போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்தார்.

"அப்பா! அவருக்கு ஒண்ணும் இல்லையே? அவர் தப்பு எதுவும் இல்லையே?"

"நல்லா இருக்கார்மா. அவர் மேல ஒரு தப்பும் இல்ல." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "தப்பு உங்கப்பன் மேலதான். மூக்கடைப்போட வேலைக்கு வந்து, பெட்ரோலுக்கும் தண்ணிக்கும் வித்தியாசம் தெரியாம அனுப்பிட்டேன்."

அந்தப் பக்கம் அவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"காலைலயே சொன்னேனேப்பா, ஒருநாள் லீவு போடுங்கன்னு."