தூசிக்கு எடை போட்ட நாள்

தூசி அளக்க வரும் அந்த டெக்னீஷியன் பெண்ணைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் கண்டதில்லை. நான் வெறும் வண்டி ஓட்டுகிறவன். தராசு என் வண்டிக்குள் இருக்கிறது என்ற ஒரே பாவத்துக்காக, எடை போடும்போதெல்லாம் கதவைச் சாத்துங்க, விசிறியை நிறுத்துங்க, தும்மாதீங்க என்று என் உயிரை வாங்குவாள்.

அன்று கல் அறுக்கும் பட்டறைக்குப் போனோம். அவளுடைய தம்பி அங்கே மெஷின் ஓட்டினவன். நெஞ்சில் தூசி படிந்துவிட்டது, இனி மெஷின் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று டாக்டர் சொன்ன பிறகு கேட்டில் காவலுக்கு உட்கார்ந்திருந்தான். முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. தூசி மீட்டர் அளவுக்குள்தான் காட்டுகிறது, நாளையிலிருந்து மெஷினுக்கு வா, இல்லாவிட்டால் நடையைக் கட்டு என்றுவிட்டார்.

மீட்டர் பொய் சொல்கிறது என்றாள் அவள். அது வேறு ஏதோ தூசிக்குப் பழக்கியதாம். இந்தக் கல் தூசி அதற்குச் சரியாகத் தெரியாதாம். பக்கத்திலேயே பம்பு வைத்து, அதே காற்றை ஒரு ஃபில்டர் தாள் வழியாக இழுத்து, தாளில் ஏறிய எடையோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அவளுடைய மேலதிகாரி அதற்கு அந்த ஒரு நாளைத்தான் கொடுத்திருந்தார்.

பம்பையும் தாளையும் காலையிலேயே மாட்டிவிட்டாள். மதியம் முதலாளி கூப்பிட்டு அவள் ஆபீசுக்குப் போன நேரத்தில், காலை ஷிப்ட் மெஷின்காரர் தாளைக் கூட்டோடு கழற்றிக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். பளபளவென்று இருந்தது. அந்தப் பட்டறையில் யார் பொருளையும் தூசியோடு திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். காற்றுக் குழாயால் ஊதித்தான் கொடுப்பார்கள். மனிதர் மரியாதைக்கு இதையும் ஊதியிருக்கிறார். தாள் கிழிந்தே போயிருந்தது.

இன்னொரு தாள் இருந்தது. ஆனால் மதிய ஷிப்ட் தம்பியுடையது. அவன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. காலை ஆளுக்கு வேறு இடத்தில் வேலை, கெஞ்சியும் நிற்கவில்லை. மெஷின் ஓடாவிட்டால் தூசி ஏது?

"நான் ஓட்டுறேன்க்கா," என்றான் தம்பி.

முடியவே முடியாது என்றாள். அப்புறம் மீட்டரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். தன் முகமூடியைக் கழற்றி அவனுக்குக் கட்டிவிட்டாள். கூடப் பிறந்தவளா இவள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதியிலேயே மூச்சு முட்டி அவன் முகமூடியைப் பிடுங்கிப் போட்டான். மெஷினை நிறுத்தச் சொல்லி ஓடினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப நிறுத்துனா போதாதுண்ணே. தாள்ல எடை ஏறாது."

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

சாயந்தரம் தாளைத் தராசில் வைத்தபோது எண் நிற்காமல் ஆடியது. விசிறி ஓடவில்லை, கதவு சாத்தியிருந்தது. வெளியே வண்டியில் சாய்ந்துகொண்டு தம்பி இருமுவதுதான். அவள் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, "தள்ளி நில்லுடா, தராசு ஆடுது," என்றாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டே தள்ளிப் போனான்.

எண் நின்றது. கணக்குப் போட்டால், மீட்டர் காட்டியதைப் போல மூன்று மடங்கு. முதலாளி இனி வாயைத் திறக்க முடியாது.

"ஒரு மத்தியானத்துக்கே இவ்வளவுண்ணே," என்றாள். "இதுக்குள்ளதான் நான் அவன அனுப்புனேன்." அப்படியே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

தம்பி தூரத்திலிருந்து, "சரியா வந்துச்சாக்கா?" என்று கேட்டான். வந்துவிட்டது என்று நான்தான் சொன்னேன்.